ரோடு பைக்கில் நேர் ஹேண்டில்பார்: முதலில் கேபிள் கணக்கைப் பாருங்கள்

ரோடு பைக்கின் வளைந்த ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டு நேரான ஒன்றை மாட்டுவது அரை மணி நேர வேலைதான். அதற்குப் பொருந்தும் ஷிஃப்டரும் (கியர் மாற்றும் லீவர்) பிரேக் லீவரும் எவை என்று கண்டுபிடிப்பதில்தான் ஒரு வாரம் போகும், அதில் தவறினால் பணமும் போகும். நான் மாற்றியது ஷிமானோ கிளாரிஸ் 2×8 கியரும் (முன்னால் இரண்டு, பின்னால் எட்டு பல்சக்கரம்) சக்கர விளிம்பைக் கவ்வும் ரிம் பிரேக்கும் உள்ள ஒரு சாதாரண அலுமினிய ரோடு பைக். கழுத்து வலி ஒரு காரணம். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற சாலையில் நிமிர்ந்து உட்கார்ந்து, விரலை எப்போதும் பிரேக்கின் மேலேயே வைத்து ஓட்ட வேண்டும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

வாங்கும் முன் ஒன்று. பாரின் மேல்பகுதியைப் பிடித்து ஓட்டும்போது பிரேக் எட்டவில்லை, அது மட்டும்தான் தொல்லை என்றால் இவ்வளவு செலவு வேண்டாம். இன்டரப்டர் லீவர் என்று ஒரு சின்ன கூடுதல் லீவர் உண்டு, பழைய பாரின் மேல்பகுதியிலேயே மாட்டிக்கொள்ளலாம். வாரம் தவறாமல் நூறு, இருநூறு கிலோமீட்டர் போகிறவர்களும் யோசித்துச் செய்யுங்கள், ஏனென்றால் வளைந்த பாரில் கையை மாற்றி மாற்றி வைக்க மூன்று நான்கு இடம் இருக்கிறது, நேர் பாரில் ஒரே இடம்தான்.

சரி, மாற்றுவது என்று முடிவாகிவிட்டால், பழைய லீவரை அப்படியே புதிய பாரில் மாட்டிவிடலாம் என்ற ஆசையை முதலில் விடுங்கள். வளைந்த பாரில் லீவர் உட்காரும் இடத்தின் விட்டம் 23.8 மிமீ, நேர் பாரில் 22.2 மிமீ. அது இதில் நிற்காது. ஸ்டெம் (பாரை வண்டியோடு இணைக்கும் துண்டு) கவ்வும் நடுப்பகுதியையும் பாருங்கள். இப்போதைய பைக்குகளில் பெரும்பாலும் இரண்டு வகைப் பாருக்கும் 31.8 மிமீதான், அப்படியானால் பழைய ஸ்டெம்மே போதும். பழைய ரோடு பைக்காக இருந்தால் 26.0 மிமீ இருக்கும், பழைய அளவு நேர் பாரோ 25.4 மிமீ. அரை மில்லிமீட்டர்தானே என்று முறுக்கி இறுக்கிவிடாதீர்கள், பள்ளத்தில் இறங்கும்போது பார் சுழன்றுவிடும். ஸ்டெம்மை மாற்றுங்கள்.

இனி முக்கியமான இடம். ஷிஃப்டர் ஒரு சொடுக்குக்குக் குறிப்பிட்ட நீளம் கேபிளை இழுக்கிறது. பின்னால் இருக்கும் டெரெய்லர் அந்த இழுப்பை ஒரு விகிதத்தால் பெருக்கி, செயினை அடுத்த பல்சக்கரத்துக்குத் தள்ளுகிறது. ஷிமானோவின் 8 ஸ்பீடில் (அதாவது பின்னால் எட்டு பல்சக்கரம்) ஒரு சொடுக்குக்குச் சுமார் 2.8 மிமீ கேபிள், டெரெய்லரின் விகிதம் 1.7. பெருக்கினால் 4.8 மிமீக்குப் பக்கத்தில் வரும், 8 ஸ்பீடு கேசட்டில் (பின் பல்சக்கரத் தொகுதியில்) ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே உள்ள தூரம் அதுதான். இந்த மூன்று எண்ணும் ஒத்துப்போனால் கியர் விழும், போகாவிட்டால் எத்தனை முறை டியூன் செய்தாலும் விழாது.

8, 9 ஸ்பீடு வைத்திருப்பவர்களுக்கு அதிர்ஷ்டம். அந்தக் காலத்து ஷிமானோவில் ரோடு, மலை பைக் இரண்டின் பின் ஷிஃப்டருக்கும் இழுப்பு ஒன்றே. அதனால் ஷிமானோவின் மலை பைக் வரிசையான ஆல்டஸின் விலை குறைந்த 8 ஸ்பீடு வலது ஷிஃப்டர்கூடக் கிளாரிஸ் டெரெய்லரோடு ஒழுங்காக வேலை செய்யும். 10 ஸ்பீடில் கதை மாறுகிறது: மலை பைக் ஷிஃப்டர் ஒரு சொடுக்குக்குச் சுமார் 3.4 மிமீ இழுக்கும், ரோடு வகை 2.3 மிமீ. அதிலும் ஷிமானோவின் ரோடு வரிசையான டியாக்ரா 4700 மட்டும் 10 ஸ்பீடாக இருந்தும் 11 ஸ்பீடு ரோடு இழுப்பைப் பின்பற்றுகிறது, ஆகவே அதற்கு அதன் சொந்த நேர் பார் ஷிஃப்டரான எஸ்எல்-4700தான் வாங்க வேண்டும். 11 ஸ்பீடு ரோடு என்றால் எஸ்எல்-ஆர்எஸ்700. ஷிமானோவின் போட்டி நிறுவனமான ஸ்ராமின் 10 ஸ்பீடில் ரோடும் மலையும் ஒரே இழுப்பு. உங்களிடம் இருப்பது எது என்று தெரியவில்லையா? டெரெய்லரின் உள்பக்கம் ஆர்டி என்று தொடங்கும் எண் பொறித்திருக்கும், துடைத்துப் பாருங்கள்.

முன் டெரெய்லர் இவ்வளவு இரக்கம் காட்டாது. 8, 9 ஸ்பீடாக இருந்தாலும் மலை பைக்கின் இடது ஷிஃப்டர் ரோடு முன் டெரெய்லருக்குப் பொருந்தாது. ஒன்று, ரோடு வரிசையிலேயே நேர் பாருக்கென்று வரும் ஜோடியை வாங்குங்கள் (கிளாரிஸுக்கு எஸ்எல்-ஆர்2000, சோராவுக்கு எஸ்எல்-ஆர்3000). இல்லையென்றால் இடப்பக்கம் மட்டும் சொடுக்கு இல்லாத ஃப்ரிக்ஷன் ஷிஃப்டர் போடுங்கள், செயின் உரசாத இடம் வரும்வரை நீங்களே நகர்த்திக்கொள்ளலாம். நான் கிளாரிஸ் ஜோடியையே வாங்கினேன், அந்தச் செலவுக்கு வருத்தமே இல்லை.

பிரேக்கிலும் இதே கணக்குதான், ஆனால் இங்கே தவறினால் ஆபத்து. ரோடு காலிப்பர் பிரேக்குக்குக் குறைந்த நீளம் இழுக்கும் லீவர் வேண்டும், மலை பைக்கின் வி-பிரேக்குக்கு நீளமாக இழுக்கும் லீவர். கடையில் சட்டென்று எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் வி-பிரேக் லீவர். எனக்கும் ஒரு கடையில் "எல்லாத்துக்கும் ஒண்ணுதான் சார்" என்று சொல்லி அதைத்தான் மாட்டிவிட்டார்கள். கைக்கு லீவர் கல் மாதிரி இறுக்கமாக இருந்தது, நல்ல பிரேக் என்று நம்பி ஒரு மேம்பாலத்தின் இறக்கத்தில் விட்டேன், முழு பலத்தில் அழுத்தியும் வண்டி நிற்கவில்லை, கீழே சமதளம் வந்த பிறகுதான் நின்றது. கேபிளை நிறைய இழுக்கும் லீவரில் அழுத்தும் விசை குறையும், அதுதான் காரணம். லீவர் காலிப்பருக்கோ கேன்டிலீவருக்கோ (இதுவும் குறைந்த இழுப்பு கேட்கும் ரிம் பிரேக்தான்) ஆனது என்று அட்டையில் எழுதியிருக்க வேண்டும், ஷிமானோவில் பிஎல்-4700 ஒரு நல்ல உதாரணம். கேபிள் டிஸ்க் பிரேக் என்றாலும் ரோடு வகையா மலை வகையா என்று பாருங்கள், பிபி7 என்ற டிஸ்க் பிரேக் மாடல் இரண்டு வகையிலும் வருகிறது. ஹைட்ராலிக் என்றால் லீவர், ஆயில், காற்று எடுப்பது எல்லாம் சேர்ந்த வேறு வேலை, பழக்கம் இல்லாதவர்கள் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

கழற்றும் முன் கேபிள்கள் எந்த வழியாகப் போகின்றன என்று நாலு போட்டோ எடுத்து வையுங்கள். டேப்பைப் பிரித்து, கேபிள்களை உருவி, ஸ்டெம் முன்மூடியின் நான்கு போல்ட்டையும் எடுத்தால் பார் கைக்கு வந்துவிடும். பழைய லீவர்களைப் பத்திரமாக வையுங்கள், நல்ல விலைக்குப் போகும். மலை பைக் பார்கள் 700 மிமீக்கு மேல் அகலமாக வரும், போக்குவரத்தில் அது தொந்தரவு. எனக்கு 600 மிமீ சரியாக இருந்தது, ஆனால் வெட்டும் முன் லீவர்களை உள்ளே தள்ளி மாட்டி ஓட்டிப் பார்த்துவிடுங்கள், வெட்டியதை ஒட்ட முடியாது. ஹேக்ஸா பிளேடால் அறுத்து, முனையை அரத்தால் தேயுங்கள்.

ஷிஃப்டர், பிரேக் லீவர், கடைசியில் கிரிப் என்ற வரிசையில் கோர்த்து, கை நீட்டினால் விரல்கள் நேராக லீவரில் விழும்படி கொஞ்சம் கீழே சாய்த்து இறுக்குங்கள். கேபிள்கள் எல்லாமே புதிதாகப் போடுங்கள். ரோடு பிரேக் கேபிளின் தலை பேரிக்காய் வடிவம், நேர் பார் லீவருக்கு உருளை வடிவத் தலை வேண்டும். கியர் அவுட்டரை (கேபிளின் வெளி உறையை) பிரேக்குக்கு ஒருபோதும் போடாதீர்கள், அழுத்தம் தாங்காமல் பிளந்துவிடும். நீளம் பார்க்கும்போது ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுவதும் திருப்பிப் பார்த்து, எங்கும் இழுபடாத அளவில் வெட்டுங்கள். வெட்டிய வாயில் உள்குழாய் நசுங்கியிருக்கும், ஊசியால் திறந்துவிடுங்கள், கியர் திணறுவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

பின் கியருக்கு, ஷிஃப்டரை மிகச் சிறிய பல்சக்கரத்தின் நிலைக்குச் சொடுக்கிவிட்டு, திருகு அட்ஜஸ்டரை முழுவதும் உள்ளே விட்டு ஒரு சுற்று வெளியே எடுத்து, கேபிளைக் கையால் இழுத்துப் பிடித்து போல்ட்டை இறுக்குங்கள். ஒரு சொடுக்கு போட்டுப் பெடலைச் சுற்றுங்கள். செயின் ஏறத் தயங்கினால் அட்ஜஸ்டரை இடஞ்சுழியாகக் கால் சுற்று, ஏறிய பிறகும் அடுத்ததை உரசினால் வலஞ்சுழியாக. டெரெய்லரையே மாற்றவில்லை என்பதால் அது நகரும் எல்லையை அமைக்கும் லிமிட் ஸ்க்ரூக்களைத் தொடவே வேண்டாம்.

சாலைக்கு எடுக்கும் முன் முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையில் பிடித்துக்கொண்டு பாரைத் திருகிப் பாருங்கள், அசையக்கூடாது. பிரேக்கை இருபது முறை பலமாக அழுத்துங்கள், அவுட்டர் உட்கார்ந்து கேபிள் தளரும், மறுபடி இறுக்குங்கள். முதல் வாரம் கழித்து இன்னொரு முறை.

ஸ்டெம் நீளத்தை உடனே முடிவு செய்யாதீர்கள். பழைய லீவர்கள் பாருக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தன, இப்போது கை அந்த அளவுக்கு உடலுக்கு அருகில் வந்துவிடும். பலருக்கு இரண்டு மூன்று செமீ நீளமான ஸ்டெம் தேவைப்படும். எனக்குக் கழுத்துக்கு அந்தக் குறைந்த தூரமே வேண்டியிருந்தது, அதனால் பழையதையே வைத்துக்கொண்டு, முனைகளில் ஒரு ஜோடி பார் எண்ட் (முன்னோக்கி நீட்டும் சிறு கைப்பிடி) மட்டும் சேர்த்தேன், எதிர்க்காற்றில் கையை மாற்றிப் பிடிக்க அது போதுமாக இருக்கிறது.