வந்த எண்ணுக்கே திருப்பி அழைக்க வேண்டாம்

மதுரை செல்லூரில் இரண்டு விசைத்தறி ஓட்டும் என் மாமாவின் கைப்பேசிக்கு ஒரு மாலையில் குறுஞ்செய்தி வந்தது. போன மாத மின்கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே அதிகாரியை அழைக்கவும் என்று எழுதி, கீழே ஒரு கைப்பேசி எண்ணையும் கொடுத்திருந்தார்கள். முந்தைய வாரமே கட்டணம் கட்டியிருந்தும், தறி நின்றுவிடுமோ என்ற பதற்றத்தில் அவர் அந்த எண்ணை அழைத்துவிட்டார். எதிர்முனையில் பேசியவர் ஒரு செயலியை இறக்கச் சொன்னபோதுதான் கைப்பேசி என் கைக்கு வந்தது.

அந்தச் செய்தியை நிதானமாகப் படித்திருந்தால் அதிலேயே விடை இருந்தது. நம் வீடுகளுக்கும் சிறு தறிக்கூடங்களுக்கும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் மின்கணக்கு எடுக்கிறார்கள். "போன மாத பில்" என்பது வெளியூர்க்காரன் எழுதிய வாசகம். மதுரை மண்டல மின் இணைப்பு எண் 05 என்று தொடங்கும். அந்த எண் செய்தியில் எங்குமே இல்லை. எழுத்துப் பிழையைப் பார்த்து மோசடியைக் கண்டுபிடிக்கலாம் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது; இப்போது வருபவை நம்மைவிடச் சுத்தமான தமிழில் வருகின்றன.

ஆகவே செய்தி உண்மையா என்று ஆராய்வதைவிட, அது காட்டும் வழியில் போகாமல் இருப்பதே பாதுகாப்பு. மின்வாரியம் என்றால் அதன் நுகர்வோர் சேவை மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணை நாமே அழைக்க வேண்டும். வங்கி என்றால் ஏடிஎம் அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள எண். கூரியர் என்றால் பொருள் வாங்கிய செயலியைத் திறந்து ஆர்டரின் நிலையைப் பார்த்தால் போதும். வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேடுவதும் ஆபத்தே, ஏனெனில் டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய மிக்சிக்குப் பழுதுபார்க்க ஆள் தேடுபவர் கண்ணில் முதலில் படுவது, மோசடிக்காரர் பணம் கட்டிப் போட்ட விளம்பரமாகவும் இருக்கலாம். அதற்கு வாரன்டி அட்டையில் உள்ள எண்ணே சரி.

இணைப்பு வந்தால் அதன் முகவரியைப் படிக்கும் முறை ஒன்று உண்டு. தொடக்கத்தில் உள்ள இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்கடுத்து வரும் முதல் சாய்கோட்டிலிருந்து இடப்பக்கமாகத் திரும்பிப் படியுங்கள். உங்கள் வங்கியின் பெயர் முன்னால் இருந்து, சாய்கோட்டுக்குச் சற்று முன் "ரிவார்டு-பாயின்ட் டாட் காம்" என்று முடிந்தால், அந்தத் தளம் பின்னால் நிற்கும் பெயருக்கு உரியதே தவிர வங்கிக்கு உரியதன்று. வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் "டாட் பேங்க் டாட் இன்" என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த முடிவு கொண்ட முகவரியை வங்கிகள் மட்டுமே பெற முடியும்.

வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை, அதாவது செயலியை நிறுவும் கோப்பை, அது கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வந்தாலும் தொடாதீர்கள். நிறுவிவிட்டால் உங்களுக்கு வரும் ஓடிபியை அதுவே படித்துக்கொள்ளக்கூடும். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை. பணம் தருவதாகச் சொல்லி அதைக் கேட்டால், பணம் உங்கள் கணக்கிலிருந்து போகப்போகிறது என்று பொருள்.

பணம் போய்விட்டால் வீட்டில் யாராவது திட்டுவார்கள் என்று இரவு முழுதும் மறைத்து வைக்காமல், அந்த நிமிடமே சைபர் மோசடிக்கான உதவி எண்ணான 1930-ஐ அழைத்து, வங்கிக்கும் சொல்லிக் கணக்கை முடக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் பிரிந்து போகும் முன் தகவல் சேர்ந்தால், அதை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. பரிவர்த்தனை எண்ணையும் வந்த செய்தியையும் அழிக்காமல் வைத்திருங்கள். தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார் பதியும்போது இரண்டும் தேவைப்படும். சில நாட்கள் கழித்து, சைபர் போலீஸ் என்று சொல்லி, பணத்தை மீட்டுத் தரக் கட்டணம் கேட்டு ஒருவர் அழைக்கக்கூடும். அவரும் அதே கூட்டத்து ஆளாக இருக்கலாம் என்பதால், அந்த எண்ணையும் புகாரோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.