முதல் கைக்கடிகாரம் வாங்கும் முன் ஒரு நூலை எடுங்கள்

அக்காள் மகனுக்கு முதல் சம்பளம் வந்தது. 500 வெள்ளியை ஒதுக்கி வைத்துவிட்டு, "மாமா, மிட் வேலிக்குப் போய்க் கடிகாரம் பார்க்கலாமா?" என்றான். பிராண்டைப் பார்த்தே மயங்கும் பையன். கடைக்குப் போகும் முன் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் அவனை உட்கார வைத்துச் சொன்னதை அதே வரிசையில் எழுதுகிறேன்.

படி 1: அளவு

பூ கட்டும் நூல் போதும். மணிக்கட்டின் மேற்புறத்தில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நூலை நீட்டி, ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். அவனுக்கு 52 மில்லிமீட்டர் வந்தது. கடையில் 38, 42 என்று கடிகாரத்தின் விட்டத்தைத்தான் சொல்வார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது வார் மாட்டும் காதுகளின் மேல் நுனிக்கும் கீழ் நுனிக்கும் உள்ள நீளம். அது உங்கள் அளவைத் தாண்டினால், கையில் தட்டைக் கவிழ்த்தது போலிருக்கும்.

படி 2: தண்ணீர்

நம் ஊருக்கு இதுதான் தலையாய படி. பின்மூடியில் 30 மீட்டர் என்று பொறித்திருந்தால் அந்த ஆழத்துக்கு முங்கலாம் என்று பொருளல்ல. கை கழுவும்போது தெறிக்கும் நீரைத் தாங்கும், அவ்வளவுதான். நான் ஒருமுறை அப்படிப்பட்டதைக் கட்டிக்கொண்டு, சாயங்கால மழையில் பெடரல் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டினேன். மறுநாள் அலுவலகக் குளிரில் கண்ணாடிக்கு உள்ளே பனி பூத்தது. இரண்டே வாரத்தில் முள்ளில் துரு. "மழைக்கு ஒன்றும் ஆகாது" என்றுதான் கடைக்காரர் விற்றிருந்தார். மழையில் வண்டி ஓட்டுபவரும் நீந்துபவரும் 100 மீட்டர், அதாவது 10 பார் (நீரழுத்தத்தின் அளவு) உள்ளதையே கேளுங்கள்.

படி 3: உள்ளே ஓடுவது

குவார்ட்ஸ் பேட்டரியில் ஓடும். மாதத்துக்குச் சுமார் 15 விநாடி பிசகும். ஆட்டோமேட்டிக் கை அசைவில் ஓடும். ஒரே நாளில் அவ்வளவு பிசகினாலும் அது பழுதல்ல. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்துச் சுத்தம் செய்யும் செலவும் உண்டு. 1969இல் சேய்கோ வெளியிட்ட முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் விலை 450,000 யென். இன்று மலிவு விலைக்குப் பெயரே குவார்ட்ஸ்! முதல் கடிகாரத்துக்கு என் ஓட்டு அதற்கே.

படி 4: வாரும் கண்ணாடியும்

தோல் வார் நம் வியர்வையில் சில மாதங்களில் நாறும். தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளை ஏறிப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எஃகு அல்லது ரப்பர் நல்லது. சஃபையர் கண்ணாடியில் எளிதில் கீறல் விழாது, ஆனால் கல் தரையில் விழுந்தால் உடையலாம்.

படி 5: ஒப்பிடுதல்

மூன்று கடிகாரங்களுக்கு மேல் வேண்டாம். காது நீளம், பார், கண்ணாடி, உத்தரவாதம், விலை என்று தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பெட்டாலிங் ஸ்ட்ரீட்டில் கூவி விற்கும் 'சுவிஸ்' கடிகாரங்களைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். கையில் 100 வெள்ளிதான் என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை: 1989இல் வந்த கேசியோ எஃப்-91டபிள்யூ இன்றும் விற்கிறது, எடை 21 கிராம்தான். மழையில் மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

மருமகன் 340 வெள்ளிக்கு எஃகு வார் வைத்த, 10 பார் குவார்ட்ஸ் ஒன்றை எடுத்தான். கைக்குப் பொருந்த இரண்டு கண்ணிகளைக் கழற்றினார்கள். அவற்றைக் கேட்டு வாங்கி உத்தரவாத அட்டையோடு வைத்திருக்கச் சொன்னேன். கல்யாணத்துக்குப் பிறகு தேவைப்படும்.