பனியில் குழி தோண்டிப் பார்ப்பது எப்படி? குல்மார்க் போகிறவர்களுக்கு

காஷ்மீரின் குல்மார்க்கில் கோண்டோலா எனும் கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டம் அஃபர்வட் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடும். பனிச்சறுக்குக் காவல் குழு கவனிக்கும் பகுதியைத் தாண்டிவிட்டால் அப்புறம் நம் பாடு. கண்ணுக்கு எல்லாம் ஒரே வெள்ளை. ஆனால் உள்ளே கல்லுப்பைப் பரப்பி அதன்மேல் பலகையைச் சாய்த்து வைத்த மாதிரியும் இருக்கலாம். அந்தப் பலகை நழுவினால் பனிச்சரிவு. அப்படி இருக்கிறதா என்று பார்க்கத்தான் குழி.

கல்லுப்பு எங்கிருந்து வந்தது? குளிர்காலத் தொடக்கத்தில் பனி கொஞ்சமாகப் பெய்து நின்றுவிட்டால், அடியில் தரை 0 டிகிரியை ஒட்டி இருக்கும், மேலே காற்று கடுங்குளிராக இருக்கும். இடையில் நீராவி மேலேறும்போது பனித்துகள்கள் ஒட்டாத பெரிய மணிகளாக வளர்கின்றன. கையில் அள்ளினால் சர்க்கரை போலக் கொட்டும். பிறகு பெரும்பனி பெய்து இறுகினால் அதுதான் பலகை, அதாவது பாளம். 2024 ஜனவரியில், காஷ்மீரிகள் சில்லை கலான் என்று சொல்லும் உச்சக் குளிர் நாட்களிலேயே, குல்மார்க்கில் பனி பெரிதாக இல்லை. பிப்ரவரியில் கொட்டியது. 22ஆம் தேதி பனிச்சரிவில் ரஷ்யப் பனிச்சறுக்கு வீரர் ஒருவர் இறந்தார்.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: கிளம்பும் முன் அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். இந்தியாவில் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் கீழுள்ள டிஜிஆர்இ என்ற ஆய்வகம் அதை வெளியிடுகிறது. 1 முதல் 5 வரையான அபாய அளவில் 3தான் ஏமாற்றும். 5 என்றால் யாரும் போக மாட்டார்கள். 3 என்றால் 'நடுத்தரம்தானே' என்று கிளம்பிவிடுவார்கள்.

படி 2: ஒவ்வொருவரிடமும் பீக்கன் (புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி), புரோப் கம்பி (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி), மண்வாரி. 'கூட்டாளியிடம் இருக்கிறது' என்பது கணக்கில் வராது. புதைவது அந்தக் கூட்டாளியாகவும் இருக்கலாம். புதைந்தவருக்கு அவகாசம் பத்துப் பதினைந்து நிமிடம்தான்.

படி 3: இடம் தேர்வு. நீங்கள் இறங்கப்போகும் சரிவின் அதே திசை, ஏறக்குறைய அதே சாய்வு, ஆனால் மேலே பெரிய சரிவு எதுவும் தொங்காத சிறு மேடு. சறுக்குக் கோலைப் பனியில் கிடத்தி அதன்மேல் போனை வைத்துச் சாய்வை அளக்கலாம். பாளம் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிக்குள்தான் கிளம்பும்.

படி 4: ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாகத் தோண்டி, மலைப்பக்கச் சுவரைச் செங்குத்தாகச் சீவுங்கள். மேலிருந்து கீழாக அழுத்திப் பாருங்கள்: மூடிய கைமுட்டி நுழைகிறதா, நான்கு விரலா, ஒரு விரலா, பென்சிலா, கத்தி மட்டும்தானா? கத்தி மட்டுமே இறங்கும் அடுக்குக்குக் கீழே கைமுட்டி நுழைந்தால் எனக்கு அங்கேயே வயிற்றைக் கலக்கும்.

படி 5: அமுக்கச் சோதனை. 30க்கு 30 சென்டிமீட்டரில் ஒரு தூணை நான்கு பக்கமும் அறுத்துத் தனியாக்குங்கள். மண்வாரியின் தட்டை அதன் தலையில் வைத்து, மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. எத்தனையாவது தட்டில் உடைந்தது என்று எண்ணுங்கள். முதல் பத்துக்குள் உடைந்தால் மோசம். எண்ணிக்கையைவிட உடையும் விதத்தை நான் அதிகம் பார்ப்பேன்: நொறுங்கினால் ஒரு மாதிரி, இழுப்பறை போலச் சட்டென்று நழுவி வெளியே வந்தால் வேறு மாதிரி. அப்படி நழுவினால் இருபத்தைந்தாவது தட்டாக இருந்தாலும் நான் அந்தச் சரிவுக்குப் போக மாட்டேன்.

தூண் உடையவே இல்லையா? அதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்து மீட்டர் தள்ளித் தோண்டினால் வேறு கதை வரலாம். குழி 'போகாதே' என்று சொல்லும், 'போ' என்று சொல்லாது. நடக்கும்போது காலடியில் 'தொம்' என்று பனி அமுங்கும் சத்தமோ, ஓடும் விரிசலோ தென்பட்டால் குழியே தேவையில்லை, வந்த வழியே திரும்புங்கள்.

கிளம்பும்போது குழியை மூடிவிடுங்கள். பின்னால் சறுக்கி வருகிறவர் அதில் விழ வேண்டாம்.