வாய்ன்ட்சுத் கோட்டை அரண்மனையைச் சுற்றிப் பார்ப்பது எப்படி

போலந்தின் தென்கிழக்கில், ஜெஷுவ் நகருக்கு அருகே உள்ள வாய்ன்ட்சுத் அரண்மனைக்குச் செல்பவர்கள் நேராக அறைகளுக்குள் நுழைந்துவிடாமல், முதலில் வெளியே ஒரு சுற்று நடந்து பார்ப்பது நல்லது. 1629இல் போலந்துப் பிரபு ஸ்தானிஸ்வாவ் லுபோமிர்ஸ்கி கட்டத் தொடங்கியது வெறும் மாளிகையன்று. ஐந்து முனை நட்சத்திர வடிவில் கொத்தளங்களும் அகழியும் சூழ்ந்த கோட்டை மாளிகை. பீரங்கிக் காலத்துக்கேற்ற அந்த அமைப்பை இன்று நீரில்லாத அகழியின் விளிம்பில் நடந்தால் தெளிவாகக் காணலாம். கீழ்த்தளத்தில் நின்று அதை ஊகிப்பது கடினம்.

அடுத்து பூங்காவுக்குச் செல்லுங்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இசபெலா லுபோமிர்ஸ்கா இந்த இடத்தைக் கோட்டையிலிருந்து ரசனைமிக்க வாழிடமாக மாற்றினார் என்பதை, ஆங்கிலப் பாணியில் இயற்கையாக விடப்பட்டது போல் அமைந்த மரக்கூட்டங்களே உணர்த்தும். என் கருத்தில், உள்ளறைகளின் ஆடம்பரத்தைவிட இந்த மாற்றமே சுவையானது.

அதன்பின் உள்ளே செல்லலாம். லுபோமிர்ஸ்கிகளுக்குப் பின் இதன் உரிமையாளர்களான பொட்டோட்ஸ்கி குடும்பத்தின் ரோமன், எல்ஜ்பியெத்தா தம்பதியர் 1889க்கும் 1911க்கும் இடையில் செய்த புதுப்பிப்பே இன்று காணும் தோற்றத்தின் பெரும்பகுதி. மின்விளக்கும் குழாய்நீரும் அப்போதுதான் வந்தன. கடைசி உரிமையாளர் ஆல்ஃப்ரட் பொட்டோட்ஸ்கி 1944இல் வெளியேறியபோது கலைப்பொருள்களில் பலவற்றை ரயிலில் அனுப்பிவிட்டதையும் நினைவில் கொள்ளுங்கள். நேரமிருப்பின் வண்டிக்கூடத்தைத் தவறவிடாதீர்கள். அங்குள்ள குதிரைவண்டித் தொகுப்பு மிகப் பெரியது.