மஸ்க் வாசனை: வாங்கும்போதும் பூசும்போதும் நேரும் தவறுகள்

‘வொயிட் மஸ்க்’, ‘ஈஜிப்ஷியன் மஸ்க்’ என்று ஒட்டிய அத்தர் குப்பியில் இருப்பது மானின் கஸ்தூரி அல்ல, அந்த வாசனையைத் தரும் செயற்கை மஸ்க். கஸ்தூரி மானை வேட்டையாடுவதும் கஸ்தூரியை விற்பதும் இந்தியாவில் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஆகவே ‘ஒரிஜினல் கஸ்தூரி’ என்று சொல்பவருக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

அதைவிடப் பெரிய தவறு, செயற்கை மஸ்க் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்ப்பது. அவற்றில் குடும்பங்கள் உண்டு, ஆபத்தும் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். 1888-இல் ஆல்பர்ட் பவுர் வெடிமருந்து ஆராய்ச்சியின்போது கண்டது நைட்ரோ மஸ்க். அந்த வகையைச் சேர்ந்த மஸ்க் ஆம்ப்ரெட், ஆஃப்டர்ஷேவ் பூசிய ஆண்களுக்கு வெயில் பட்ட இடத்தில் ஒவ்வாமையைக் கிளப்பியது. எலிகளில் நரம்பையும் விரைகளையும் பாதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதை அழகுப் பொருட்களில் தடை செய்துவிட்டது. அதே வகையின் மஸ்க் சைலீன் சுற்றுச்சூழலில் சிதையாமல் உயிர்களின் உடலில் சேர்வதால், 2014 ஆகஸ்ட் 21-க்குப் பிறகு அங்கே தனி அனுமதியின்றிப் பயன்படுத்த முடியாது.

கேலக்ஸோலைடு, டோனலைடு இரண்டும் பாலிசைக்ளிக் என்ற இன்னொரு குடும்பம். கொழுப்பில் கரைபவை, ஆற்று மீனிலும் தாய்ப்பாலிலும் கண்டறியப்பட்டவை. அதற்காகத் தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். நிறுத்துவது குழந்தைக்கு உறுதியான இழப்பு. பாலில் கிடைத்த அளவுகளோ மிகச் சிறியவை. கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் வாசனை லோஷனைக் குறைத்தால் போதும். எத்திலீன் பிராசிலேட் போன்ற மேக்ரோசைக்ளிக் குடும்ப மஸ்க்குகள் எளிதில் சிதைபவை. தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் அவையே மேல்.

லேபிளில் ‘மஸ்க்’ என்று தேடிக் காணாமல் நிம்மதி அடைவதும் தவறு. பெரும்பாலும் ‘பெர்ஃப்யூம்’ அல்லது ‘ஃப்ராக்ரன்ஸ்’ என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடும். தனியாக எழுதினால், கேலக்ஸோலைடு ‘ஹெக்ஸாமெத்தில்இண்டனோபைரன்’ என்ற பெயரில் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பூசிக் கழுவாமல் விடும் பொருளில் 0.001 சதவீதத்துக்கு மேலும், கழுவிவிடும் பொருளில் 0.01 சதவீதத்துக்கு மேலும் இருந்தால், 2026 ஜூலை 31 முதல் சந்தைக்கு வரும் புதிய பொருட்கள் இதை எழுதியாக வேண்டும். ‘அன்சென்டட்’ என்ற சொல்லையும் நம்பிவிடாதீர்கள். மூலப்பொருளின் வாடையை மறைக்க அதிலும் வாசனை சேர்ப்பதுண்டு. ‘ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்றிருப்பதை எடுத்து, பின்பக்கப் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள்.

அத்தரை லோஷனிலோ தேங்காய் எண்ணெயிலோ கலந்து உடம்பெங்கும் தேய்க்கும் வழக்கம்தான் அதிகம் கவலை தருவது. வரம்புகள் பொருளுக்குப் பொருள் வேறு: நைட்ரோ வகையான மஸ்க் கீட்டோனுக்கு ஐரோப்பிய வரம்பு செறிவான பெர்ஃப்யூமில் 1.4 சதவீதம், செறிவு குறைந்த ஓ டி டாய்லெட்டில் 0.56, மற்றவற்றில் வெறும் 0.042. ஒரு பேச்சுக்கு, அத்தரில் 10 சதவீதம் மஸ்க் கீட்டோன் இருக்கிறது என்று வையுங்கள். அதில் 1 மில்லி, அதாவது ஏறத்தாழ 20 சொட்டு, 100 மில்லி லோஷனில் விழுந்தால் 0.1 சதவீதம் ஆகிறது. வரம்பைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அத்தர் குப்பியில் அளவு எழுதியிருக்காது என்பதால், கலக்காமல் இருப்பதே வழி. துணியின் ஓரத்தில் ஒரு சொட்டு போதும். குழந்தையின் தோலில் வேண்டவே வேண்டாம்.

வாசனை தெரியவில்லை என்று மறுபடி மறுபடி அடிப்பவர்களும் உண்டு. சில மஸ்க் மூலக்கூறுகளைப் பலரின் மூக்கு உணராது. உங்களுக்குத் தெரியாததால் அது போய்விட்டது என்று ஆகாது. துணி மென்மையாக்கியையும் கணக்கில் சேருங்கள். நீரில் கரையாத மஸ்க் அலசிய பிறகும் நூலில் தங்கி நாள் முழுக்கத் தோலோடு உரசும். அரிப்பு இருந்தால் உள்ளாடை, தலையணை உறை, துண்டு மூன்றுக்கும் மென்மையாக்கியை முதலில் நிறுத்துங்கள்.

புதுப் பொருளை மணிக்கட்டில் ஒரு தடவை தடவிப் பார்ப்பது சோதனையாகாது. முழங்கை உட்புறத்தில் ஒரே இடத்தில் காலையும் மாலையும், குறைந்தது 7 நாள் பூசுங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அன்றே நிறுத்துங்கள். இது லோஷன், கிரீம் போன்றவற்றுக்கு மட்டும். சோப்பு, ஷாம்புவை இப்படிப் பூசக் கூடாது.

தோல் மருத்துவர் முதுகில் ஒட்டிச் செய்யும் பேட்ச் டெஸ்டில் ‘ஃப்ராக்ரன்ஸ் மிக்ஸ்’ நெகட்டிவ் என்று வந்தாலும் மஸ்க் மீதான சந்தேகம் தீராது, அந்தக் கலவையில் மஸ்க்குகள் இல்லை. நீங்கள் பூசும் பொருளையே எடுத்துப் போங்கள். கழுத்து, முகம், புறங்கை என வெயில் படும் இடத்தில் மட்டும் தடிப்பு வந்தால், புற ஊதா ஒளியோடு செய்யும் ஃபோட்டோ பேட்ச் டெஸ்ட் தேவையா என்று கேளுங்கள்.