கோட்டுத்துண்டின் தெரியாத நீளத்தை இயற்கணிதத்தால் கண்டுபிடிப்பது எப்படி?

இந்த வகைக் கணக்கில் பாதி வேலை படத்திலேயே முடிந்துவிடும். அதனால் முதலில் ஒரு கோடு போடுங்கள். இடது முனைக்கு அ, வலது முனைக்கு இ, இடையில் எங்காவது ஒரு புள்ளிக்கு ஆ என்று பெயர் வையுங்கள். மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால்,

அஆ + ஆஇ = அஇ

நமக்குத் தேவையான அடிப்படை விதி இதுதான்.

படி 1: கொடுத்திருப்பதைப் படத்தில் அந்தந்தத் துண்டின் மேல் எழுதுங்கள். அஆ = 3க + 2, ஆஇ = 2க − 1, முழு நீளம் அஇ = 26 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இங்கே க என்பது நாம் கண்டுபிடிக்க வேண்டிய, மதிப்பு தெரியாத எண். முழு நீளத்தை ஏதாவது ஒரு துண்டின் மேல் எழுதிவிட்டால் கணக்கே மாறிவிடும். அதைக் கோட்டுக்குக் கீழே, முனையிலிருந்து முனைவரை அம்புக்குறி போட்டு எழுதுவது நல்லது.

படி 2: விதியில் பொருத்துங்கள்.

(3க + 2) + (2க − 1) = 26

படி 3: சுருக்கித் தீருங்கள். 5க + 1 = 26, அதாவது 5க = 25, க = 5.

படி 4: விடை வந்துவிட்டதே என்று இங்கே நிறுத்திவிடாதீர்கள். கேட்டது நீளம். அஆ = 3 × 5 + 2 = 17 செ.மீ., ஆஇ = 2 × 5 − 1 = 9 செ.மீ. கூட்டிப் பாருங்கள்: 26. சரி.

கேள்வியில் 'ஆ நடுப்புள்ளி' என்று இருந்தால், முழு நீளம் தெரியாமலேயே தீர்க்கலாம். இரண்டு பாதியும் சமம் என்பதே சமன்பாடு. அஆ = 4க − 5, ஆஇ = 2க + 7 என்றால், 4க − 5 = 2க + 7, ஆகவே க = 6. ஒவ்வொரு பாதியும் 19, முழுசும் 38. ஆனால் படத்தில் ஆ நடுவில் இருப்பதுபோலத் தெரிகிறது என்பதற்காக இரண்டையும் சமப்படுத்தாதீர்கள். கேள்வி சொல்ல வேண்டும்.

அப்புறம், க-வின் மதிப்பு எதிர்மறையாக வந்தால் பலர் உடனே அழித்துவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். அஆ = க + 9, ஆஇ = 4 − 2க, அஇ = 16 என்ற கணக்கில் 13 − க = 16, எனவே க = −3. நீளங்கள் 6, 10. இரண்டும் நேர்மறை, விடை சரியே. மாறாக அஆ = க², ஆஇ = க, அஇ = 12 என்றால் க = 3 அல்லது −4 என்று இரண்டு விடை வரும். −4 எடுத்தால் ஆஇ-யின் நீளமே −4 ஆகிவிடும், அதனால் அது தள்ளுபடி. 3 எடுத்தால் நீளங்கள் 9, 3.