தானியேலின் மூன்று வேளை

கஷ்டம் வந்தபின் ஜெபிக்கப் பழகுவது சிரமம். பைபிளில் தானியேல் என்ற தீர்க்கதரிசியின் புத்தகம், 6-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். 30 நாள் ராஜாவைத் தவிர யாரிடமும் விண்ணப்பம் செய்யக்கூடாது, மீறினால் சிங்கக் கெபியில் (குகையில்) போடப்படுவார்கள் என்று கட்டளை. அதை அறிந்தும் தானியேல் வீட்டுக்குப் போய், எருசலேமுக்கு நேரே திறந்திருந்த ஜன்னலருகே முழங்காலிட்டார். புதிதாக எதுவும் செய்யவில்லை. ‘தான் முன் செய்துவந்தபடியே’ தினம் மூன்று வேளை. என் மனதில் ஆழமாகப் பதிந்த வார்த்தைகள் இவை.

அதனால் நல்ல நாளிலேயே தொடங்குங்கள். காலை, மதியம், இரவு ஐந்தே நிமிடம், ஒரே இடம். வார்த்தை வரவில்லையா? சரி, பைபிளின் ஜெபப் பாடல்களில் ஒன்றான 55-ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். அதன் 17-ஆம் வசனத்திலும் இதே மூன்று வேளைதான். அப்புறம், தானியேல் ஸ்தோத்திரமும் (நன்றியும்) செலுத்தினார். அதை விட்டுவிடாதீர்கள்.